மாவுச் சாக்கும் ஊசியும்

‘அர்ப்பியேரா’ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குச் சாக்குத்துணி என்பதே பொருள். மாவோ உருளைக்கிழங்கோ அடைத்து வந்த சாக்கைப் பிரித்து, துவைத்து, வெட்டி, அதன்மேல் பழந்துணித் துண்டுகளை ஒட்டித் தைத்து உருவாக்கும் சிறு படத்திற்கும் சிலி நாட்டில் அதே பெயர் வழங்கிற்று. அரை மீட்டர் அகலம்கூட இராத இத்துணிப் படங்கள், 1974ஆம் ஆண்டு முதற்கொண்டு ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள், தலைநகர் சாந்தியாகோவின் ஏழைக் குடியிருப்புகளில் நூற்றுக்கணக்கான பெண்களின் கைகளில் உருவாயின. அப்பெண்களுள் பெரும்பாலோர் ஓவியம் பயின்றவர் அல்லர். பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர் பலர். கிழிந்த சட்டையைத் தைப்பதற்கு மேல் ஊசியைக் கையாளாதவர்களும் இருந்தனர். நடுவயதில் ஒரு கலையைக் கற்றுக்கொண்டு, தம் காலத்தின் சாட்சிகளாக அவர்கள் ஆன வரலாறு, ஒரு பாடத்திட்டத்தின் வரலாறாகவும் பார்க்கத்தக்கது.

சிலியில் இக்கலைக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. நாட்டார் பாடல்களை ஊர் ஊராகச் சென்று திரட்டிய பாடகி வியோலெத்தா பார்ரா (1917–1967), நோயுற்றுப் படுக்கையில் கிடந்த காலத்தில் சாக்குத்துணியில் கம்பளி நூலால் பெரும் சித்திரங்களைத் தைக்கத் தொடங்கினார். அவை 1964இல் பாரிஸ் நகரில், லூவர் அரண்மனையின் ஒரு பகுதியில் இயங்கும் அலங்காரக் கலைகள் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. லத்தீன் அமெரிக்கக் கலைஞர் ஒருவர் அங்குத் தனியே காட்சி நடத்தியது அதுவே முதன்முறை என்பர். 1960களின் பிற்பாதியில், பாப்லோ நெரூடா வாழ்ந்த இஸ்லா நெக்ரா என்னும் கடற்கரைச் சிற்றூரில், லியோனோர் சோப்ரினோ என்ற பெண்மணி மீனவர் குடும்பத்துப் பெண்களுக்குக் கம்பளி நூல் எம்பிராய்டரியைக் கற்பித்தார். வடிவங்களை அச்செடுத்துக் கொடுக்காமல், கண்டதையும் வாழ்வதையும் தைக்கச் சொன்னதே அவர் முறை. படகுகளும் கடற்பறவைகளும் அறுவடை வயல்களும் அப்பெண்களின் துணிகளில் நிறைந்தன. நெரூடா அந்த வேலைப்பாட்டைப் பாராட்டி எழுதினார். 1972இல் ஐக்கிய நாடுகள் அவையின் வணிக, வளர்ச்சி மாநாடு சாந்தியாகோவில் கூடியபோது, அதற்கெனக் கட்டிய பெரும் கட்டடத்தின் சுவருக்கு இஸ்லா நெக்ராப் பெண்கள் பலர் சேர்ந்து ஒரு நீண்ட சித்திரத் துணியைத் தைத்தளித்தனர்.

1973 செப்டம்பர் 11 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் சால்வடார் அலெண்டேயின் ஆட்சியை இராணுவம் கவிழ்த்தது. குண்டு வீசப்பட்ட மாளிகைக்குள் அலெண்டே இறந்தார். பன்னிரண்டு நாள் கழித்து நெரூடாவும் மறைந்தார். மாநாட்டுக் கட்டடத்தை ஜெனரல் அகுஸ்தோ பினோசெட்டின் ஆட்சிக்குழு தன் தலைமையிடமாக எடுத்துக்கொண்டது. சுவரில் தொங்கிய சித்திரத் துணி காணாமற் போயிற்று. மனிதர்களும் காணாமற் போகத் தொடங்கினர்.

அடுத்த பதினேழு ஆண்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர் என்று பிற்காலத்து அரசு ஆணையங்கள் கணக்கிட்டன. கணவனை, மகனை, சகோதரனைத் தேடிக் காவல் நிலையம், மருத்துவமனை, பிணவறை, தடுப்பு முகாம் என அலைந்த பெண்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே விடைதான் கிடைத்தது. அப்படி எவரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்பதே அது. அலைந்து களைத்தவர்களுக்குத் திறந்திருந்த கதவு ஒன்றே ஒன்று. கத்தோலிக்கர், லூத்தரன் சபையார், மெதடிஸ்டுகள், யூதர்கள் ஆகியோர் இணைந்து 1973 அக்டோபரில் தொடங்கிய அமைதிக்கான ஒத்துழைப்புக் குழுவின் அலுவலகம் அது. பினோசெட்டின் நெருக்குதலால் 1975 இறுதியில் அக்குழு கலைக்கப்பட்டது. மறு ஆண்டின் முதல் நாளிலேயே, பேராயர் கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கெஸ் அதன் பணியைத் திருச்சபையின் நேரடிப் பொறுப்பில் ஏற்றார். பேராலயத்தை ஒட்டி இயங்கிய ‘ஒருமைப்பாட்டுப் பணியகம்’ அவ்வாறு பிறந்தது.

அந்த அலுவலகத்துக்கு வந்த பெண்களுக்குச் சட்ட உதவி மட்டும் போதுமானதாக இல்லை. சம்பாதித்தவர் போய்விட்டார். பிள்ளைகளுக்கு உணவில்லை. கைகளுக்கு வேலை இல்லாதபோது மனம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நைந்தது. 1974இல் அங்குப் பணியாற்றிய கலைஞர் வாலன்டினா போன், இவர்களை ஒரு மேசையைச் சுற்றி அமரவைத்து ஏதேனும் செய்யச் செய்வது என்று தீர்மானித்தார். கம்பளி நூல் வாங்கப் பணமில்லை. கிழிசல் துணிக்கோ பஞ்சமில்லை. மாவுச் சாக்கு அடித்தளமாயிற்று, கிழிசல்கள் வண்ணமாயின. இக்கலையின் இலக்கணத்தை வறுமையே பாதி வகுத்துவிட்டது எனலாம்.

கற்பித்த முறை சற்று விரிவாகக் காணத்தக்கது. தமிழ்நாட்டுக் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளைக் கண்டவர்களுக்கு ஒட்டுத்துணி வேலை புதிதன்று. ஒரு துணியின் மேல் வேறு வண்ணத் துணியை வெட்டி வைத்து, விளிம்பை மடித்துத் தைப்பதே அது. சாந்தியாகோப் பட்டறையிலும் அடிப்படை அதுவே. முதலில் வானத்துக்கு ஒரு துண்டு, மலைக்கு ஒரு துண்டு, மண்ணுக்கு ஒரு துண்டு. அவற்றின் மேல் வீடுகள், மரங்கள், தெரு. துண்டுகளை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்து, மனம் அமைந்த பிறகு ஊசியை எடுக்கலாம். பென்சிலைக் கண்டு அஞ்சுபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு: வரைந்த கோட்டை அழிப்பது கடினம், வைத்த துணியை எடுத்து மாற்றி வைப்பது எளிது. விளிம்புகளைக் காஜா போடுவதைப் போன்ற அடர்ந்த தையலால் கட்டினர். மனித உருவங்களைத் தட்டையாக விடாமல், பஞ்சோ துணியோ அடைத்த விரலளவுப் பொம்மைகளாகச் செய்து நிறுத்தினர். படத்தின் நான்கு ஓரத்திலும் கம்பளி நூலால் குரோஷா பின்னல் சட்டம்போல் ஓடிற்று.

இவ்வளவும் ஓரிரு நாளில் கற்றுக்கொள்ளக்கூடியவை. கடினமான பாடம் வேறு. பூவும் பறவையும் தைக்கலாம் என்று எண்ணி வந்த பெண்ணிடம், உன் வீட்டில் நேற்று என்ன நடந்தது, அதைத் தை என்று கேட்பது எளிதன்று. கேட்கப்பட்டவளுக்கு அது இன்னும் கடினம். முதியோர் கல்வியில் ஈடுபட்ட எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. தனக்கு எதுவும் தெரியாது என்ற நம்பிக்கையை வயது வந்தவர் ஒருவரிடமிருந்து அகற்றுவதுதான் ஆசிரியரின் பெரும் வேலை. பட்டறைக்கு வர வீட்டிலேயே தடை இருந்தது. மனைவி வெளியே போவதை வேலையிழந்த கணவர்கள் பலர் விரும்பவில்லை. கையில் பணத்தோடு அவள் திரும்பிய பிறகே சில வீடுகளில் அந்த முணுமுணுப்பு அடங்கிற்று.

பட்டறைகள் பெரும்பாலும் பங்கு ஆலயங்களை ஒட்டிய கூடங்களில் வாரந்தோறும் கூடின. லோ எர்மிதா போன்ற குடிசைப் பகுதிகளில் அவை வேரூன்றின. ஒவ்வொரு குழுவும் தனக்குள்ளேயே தலைவியையும் பொருளாளரையும் தேர்ந்துகொண்டது. எந்தப் பொருளைத் தைப்பது என்பது கூடிப் பேசி முடிவாகும். முடித்துக் கொண்டுவந்த துணிகளை நடுவில் விரித்து ஒருவர்மற்றவர் வேலையைக் குறை நிறை சொல்வர். ஒரு பெண் மாதத்திற்கு இத்தனை துணிகள்தாம் தரலாம் என்று வரம்பு வைத்துக்கொண்டனர், வருவாய் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக. ஒரு குழுவில் கற்றவர் மற்றொரு குழுவுக்குச் சென்று கற்பித்தார். ஊசி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் சட்டம் பற்றியும் உடல்நலம் பற்றியும் உரைகள் நிகழ்ந்தன. ஆசிரியர் என்ற தனி நபர் மெல்ல மெல்லத் தேவையற்றுப் போனதே இந்தப் பாடத்திட்டத்தின் வெற்றி.

இப்படங்களை எழுதப் புகுந்தோர் சிலர், இப்பெண்களுக்கு எவரும் எதுவும் கற்பிக்கவில்லை, துயரமே அவர்களைக் கலைஞர்களாக்கியது என்று உருகியிருக்கிறார்கள். அது அழகான வாக்கியம். ஆனால் முழு உண்மையன்று. துயரம் உலகெங்கும் உண்டு. அத்தனை துயரமும் கலையாவதில்லை. ஒரு மேசை, ஒரு கூடம், ஒரு கத்தரிக்கோல், பொறுமையுள்ள ஒருத்தி, திரும்பத் திரும்பக் கூடுவதற்கு ஒரு கிழமை ஆகியவை இல்லாமல் இது நடந்திராது.

படங்களில் இடம்பெற்றவை எவை? பின்னணியில் ஏறக்குறைய எப்போதும் ஆண்டிஸ் மலைத்தொடர். சாந்தியாகோவின் எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணில் படும் மலை அது. அதன்மேல் ஒரு சூரியன். கீழே தெரு. அங்கே பெண்கள் ஒரு பெரிய பானையைச் சுற்றி நிற்பார்கள். பஞ்ச காலத்திலும் வேலைநிறுத்தக் காலத்திலும் தமிழ்நாட்டு நெசவாளர் தெருக்களில் திறக்கப்பட்ட கஞ்சித் தொட்டியை நினைவூட்டும் காட்சி. சிலியில் அதற்குப் ‘பொதுப் பானை’ என்று பெயர். ஒரே குழாயடியில் நீருக்கு நிற்கும் வரிசை, கம்பத்திலிருந்து கொக்கி போட்டு மின்சாரம் இழுக்கும் மனிதன், வேலை காலியில்லை என்ற பலகையோடு மூடிய தொழிற்சாலைக் கதவு, காவல்துறை வண்டி ஆகியவற்றையெல்லாம் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் தைத்தனர். பார்த்த மாத்திரத்தில் குழந்தைகள் அறையில் மாட்டும் படம் என்றே தோன்றும். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அந்தச் சின்னஞ்சிறு பொம்மையின் கைகள் பின்னால் கட்டப்பட்டிருப்பது தெரியும்.

பட்டறைகளில் இரு வகையினர் இருந்தனர். வேலையிழந்தோரின் மனைவியர் ஒரு வகை. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் மற்றொரு வகை. முன்னவரின் துணிகளில் பசி பேசிற்று. பின்னவரின் துணிகளில் ஒரே கேள்விதான் மீண்டும் மீண்டும் வந்தது: எங்கே இருக்கிறார்கள்? 1974 நவம்பரில் பிடித்துச் செல்லப்பட்ட ஒளிப்பதிவாளர் ஹோர்கே முல்லர், பத்ரீசியோ குஸ்மானின் புகழ்பெற்ற ஆவணப்படமான ‘சிலியின் போர்’ படத்தைப் பிடித்தவர். அவர் திரும்பி வரவேயில்லை. அவருடைய தாய் இர்மா முல்லர் ஊசி எடுத்தவர்களுள் ஒருவர். உலகமெல்லாம் ஓடிய படச்சுருளில் மகன் பதிவு செய்ததை, சாக்குத்துணியில் தாய் தொடர்ந்தார்.

1978 நவம்பர் இறுதியில் தலைநகருக்கு அருகே லோன்கேன் என்னும் இடத்தில், கைவிடப்பட்ட சுண்ணாம்புக் காளவாய்களுக்குள் 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 1973 அக்டோபரில் பிடித்துச் செல்லப்பட்ட கிராமத்தார் அவர்கள். ஒரே குடும்பத்தின் தந்தையும் நான்கு மகன்களும் அவர்களுள் அடக்கம். அதுவரை, அப்படி எவருமே இல்லை என்ற அரசின் விடை செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. அக்காளவாய்களின் உருவம் துணிகளில் ஏறிற்று. 1980இல் காளவாய்களை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். துணியில் ஏறியவை மிஞ்சின.

காணாமற் போனவரின் சட்டையையும் காற்சட்டையையும் வெட்டி, அவரைக் குறிக்கும் பொம்மைக்கு உடுத்திய பெண்கள் உண்டு. இச்செய்தி பின்னர் பலரால் எழுதப்பட்டு, எல்லாத் துணியும் அப்படிப்பட்டதே என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மையில் பெரும்பகுதி வேண்டிப் பெற்ற வெட்டுத்துண்டுகளும் பழைய உடைகளுமே. ஆயினும் எந்தத் துண்டு எதுவென்று பார்ப்பவருக்குத் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும்.

தையல் பெண்களின் வேலை என்பதால் தொடக்கத்தில் எவரும் ஐயுறவில்லை. பெயர் பொறிக்காமல் விடுவது வழக்கமாயிற்று. பெயர் இருந்தால் ஆபத்து. ஆனால் பல துணிகளின் பின்புறத்தில் ஒரு சிறு பை தைக்கப்பட்டிருந்தது. படத்தில் இருப்பது என்ன என்று சில வரிகள் எழுதிய மடித்த தாள் அதற்குள் இருக்கும். துணியை வாங்கியவர், தூரத்து நாட்டின் ஏதோ ஒரு வீட்டில், அதைப் பிரித்துப் படிக்கவேண்டும். உள்நாட்டில் இவற்றை விற்க இயலாது. ஒருமைப்பாட்டுப் பணியகம் இவற்றை விலைக்கு வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பிற்று. புலம்பெயர்ந்த சிலியரும் மனித உரிமை அமைப்பினரும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆலயக் கூடங்களிலும் கூட்டங்களிலும் விற்றுப் பணம் அனுப்பினர். செய்தி வெளியே கசிவதை அரசு உணர்ந்தபோது, அதன் சார்புப் பத்திரிகைகள் இவற்றை நாட்டின்மீது அவதூறு பரப்பும் துணிகள் என்று தாக்கின. சுங்கச் சாவடிகளில் சோதனை கடுமையாயிற்று.

விற்பனை என்ற ஒன்று நுழைந்ததும் சிக்கலும் நுழைந்தது. ஆய்வாளர் ஜாக்குலின் ஆடம்ஸ் 2013இல் வெளியிட்ட நூலில் இதை மறைக்காமல் பேசுகிறார். தையல் சீராக இல்லாத துணிகள் திருப்பித் தரப்பட்டன. வாங்குவோர் எதை விரும்புகிறார்கள் என்பது பட்டறைக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு, சொல்லாமலேயே சில காட்சிகள் மிகுந்தன, சில குறைந்தன. இராணுவ ஆட்சியின் மீதுள்ள அச்சம் ஒரு புறம், வாங்குவோரின் கண் மறுபுறம் என, தைப்பவளின் உள்ளத்தில் இரண்டு தணிக்கையாளர்கள் குடியேறினார்கள். எழுதுவோர் எவருக்கும் இது அந்நியமான செய்தி அன்று. இதனால் இக்கலை பொய்யாகிவிட்டது என்று சொல்வோரும் உளர். ரொட்டிக்காகத் தைத்தவள் உண்மைக்காகத் தைக்கவில்லை என்ற பிரிவினை, ரொட்டிக்குக் கவலைப்படாதவர்கள் செய்வது. அவள் இரண்டுக்காகவும் தைத்தாள். சில வாரங்களில் ஒன்று முந்தியது, சில வாரங்களில் மற்றது.

கற்றவர்களிடம் நிகழ்ந்த மாற்றம் ஊசியோடு நின்றுவிடவில்லை. வியோலெத்தா மொரலேஸ் என்பவரின் சகோதரர் நியூட்டன் 1974 ஆகஸ்டில் பிடித்துச் செல்லப்பட்டார். தேடி அலைந்த மொரலேஸ் பட்டறைக்கு வந்தார். பின்னர் காணாமலாக்கப்பட்டோர் உறவினர் சங்கத்தின் நாட்டார் இசைக் குழுவை அமைத்தவர்களுள் ஒருவரானார். சிலியின் தேசிய நடனமான ‘குவேக்கா’ ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி ஆடும் இணை நடனம். 1978 மார்ச் 8 அன்று, மகளிர் நாள் விழாவில், இக்குழுவின் பெண் ஒருத்தி மார்பில் காணாமற் போனவரின் புகைப்படத்தை அணிந்து அதைத் தனியே ஆடினாள். எதிரில் வெறுமை. இந்தக் காட்சியும் துணிகளில் ஏறிற்று. 1987இல் ஆங்கிலப் பாடகர் ஸ்டிங் இதைப் பற்றிப் பாடினார். 1988 அக்டோபரில் பினோசெட் ஆட்சி நீடிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, ‘கூடாது’ என்ற தரப்பின் தொலைக்காட்சிப் பரப்புரையில் இத்தனி நடனம் வீடுதோறும் நுழைந்தது. ‘கூடாது’ வென்றது.

1990 மார்ச்சில் மக்களாட்சி திரும்பிற்று. பட்டறைகளுக்கு அது மகிழ்ச்சியும் இழப்பும் ஆயிற்று. சிலியின் துயரம் தீர்ந்தது என்று எண்ணிய வெளிநாட்டு நண்பர்கள் வாங்குவதைக் குறைத்தார்கள். 1992இல் ஒருமைப்பாட்டுப் பணியகம் மூடப்பட்டது. எஞ்சிய சில குழுக்கள் சந்தை கேட்டபடி பழத்தோட்டங்களும் திருவிழாக்களும் தைத்தன. பழைய துணிகளோடு ஒப்பிட்டு இவற்றை இகழ்வது எளிது. பினோசெட் இல்லாத நாளில் பழத்தோட்டம் தைக்க அந்தப் பெண்களுக்கு உரிமை உண்டு.

பாடம் மட்டும் எல்லை தாண்டிச் சென்றது. பெரு நாட்டின் தலைநகர் லிமாவை ஒட்டிய பாம்ப்லோனா ஆல்த்தா குடியிருப்புப் பெண்கள் இதைக் கற்றுத் தம் வாழ்வைத் தைத்தனர். சிலியரான ரொபெர்த்தா பாசிக் 2008இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் நடத்திய காட்சிக்குப் பிறகு அங்கும் பட்டறைகள் கூடின. பிரேசிலில் அணைக்கட்டுகளால் நிலமிழந்தோர் இயக்கம் 2013 முதல் தன் பெண்களுக்கு இதைக் கற்பித்தது. அவர்களும் துணியின் பின்புறம் பை தைத்து உள்ளே கடிதம் வைத்தார்கள். ஆபத்துக் காலத்தில் கண்டறிந்த ஓர் உத்தி, பாடத்தின் ஒரு பகுதியாகவே நிலைத்துவிட்டது.

2010 ஜனவரியில் சாந்தியாகோவில் நினைவுக்கும் மனித உரிமைகளுக்குமான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நாடு கடந்து போன துணிகள் பல, வாங்கியவர்களின் வீடுகளிலிருந்து அங்குத் திரும்பி வந்தன. 1973இல் மாநாட்டுக் கட்டடச் சுவரிலிருந்து மறைந்த இஸ்லா நெக்ராப் பெண்களின் சித்திரத் துணி 2019இல் கிடைத்தது. தைத்தவர்களுள் சிலர் முதுமையில் அதை மீண்டும் கண்டனர். மனிதர்களின் கணக்கு வேறு. 2023 ஆகஸ்டில் சிலி அரசு தேசியத் தேடல் திட்டத்தை அறிவித்தபோது, காணாமலாக்கப்பட்டவர்களும் உடல் ஒப்படைக்கப்படாதவர்களுமாக 1469 பேரைப் பட்டியலிட்டது. அவர்களுள் அடையாளம் காணப்பட்டவர்கள் 307 பேர். எஞ்சிய 1162 பேர் எங்கே என்று அன்றும் தெரியவில்லை.